காலுக்கு ஏற்ற காலணி

"சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நாள்தோறும் முக்கால் மணி நேரம் விரைந்து நடக்க வேண்டும். உடல் பழகியபின் மெல்ல ஓடவும் செய்யலாம்."

ஐம்பது வயதைக் கடந்தவருக்கு மருத்துவர் கூறும் இச்சொற்களைக் கேளாத குடும்பம் இன்று நம்மிடையே அரிது. எனக்கும் அவை கூறப்பட்டன. சீட்டில் எழுதியிருந்த மாத்திரையைக் குறித்து மருந்துக் கடைக்காரரிடம் மும்முறை கேட்டுத் தெளிவு பெற்ற நான், எதை அணிந்து ஓடுவது என்பதைக் குறித்து ஒருவரிடமும் ஒரு சொல் கேட்கவில்லை. காலணி வாங்குவதற்கு அறிவு தேவைப்படும் என்று எவர்தாம் எண்ணுவர்?

கடைவீதியில் 'பாதி விலை' என்று பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருந்த ஒரு கடையினுள் நுழைந்தேன். கல்லூரி நாள்களில் என் காலணியின் எண் எட்டு. முப்பத்தைந்து ஆண்டுகளாக யார் கேட்டாலும் எட்டு என்றே சொல்லி வந்திருக்கிறேன். அன்றும் அவ்வாறே சொன்னேன். அங்கிருந்த பையன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு பெட்டியை எடுத்து நீட்டினான். நீல நிறம்; பக்கவாட்டில் மஞ்சள் கோடு; பார்வைக்கு அழகாகவே இருந்தது. உட்கார்ந்தபடியே காலை நுழைத்துப் பார்த்தேன். நுழைந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன்.

மூன்றாம் வாரம் வலக்காலின் பெருவிரல் நகம் கறுத்தது. நகத்தின் அடியில் இரத்தம் கட்டியிருந்தது. ஐந்தாம் வாரம் சுண்டுவிரலின் பக்கத்தில் கொப்புளம். இரண்டு மாதத்திற்குள் அந்த நகம் தானே கழன்று விழுந்தது. "இந்த வயதில் உமக்கு ஓட்டம் எதற்கு?" என்று நண்பர்கள் நகைத்தனர். எனக்கும் அப்படியே தோன்றிற்று. மருத்துவரிடம் மீண்டும் சென்று, ஓட்டம் என் உடலுக்கு ஒத்துவரவில்லை என்று முறையிட்டேன். அவர் பாதத்தைப் பார்த்தார். கழற்றி வைத்திருந்த காலணியையும் எடுத்துப் பார்த்தார். "ஓட்டத்தில் குற்றமில்லை. அளவு தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் போய்க் காலைக் காட்டுங்கள்" என்றார். சர்க்கரை நோய் உள்ளவன் பாதத்தில் ஒரு புண் என்றால் அது விளையாட்டன்று என்பதையும் அவர் அப்போதே சற்றுக் கடுமையாகவே எடுத்துரைத்தார்.

கேள்வி கேட்ட கடைக்காரர்

நகரத்தில் ஓட்டக்காரர்கள் நாடிச் செல்லும் கடை ஒன்று உண்டென்று கேள்விப்பட்டு, ஒரு நாள் முற்பகலில் அங்குச் சென்றேன். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் எதிரே வந்தார். என்ன விலையில் வேண்டும் என்றோ, என்ன நிறம் வேண்டும் என்றோ அவர் கேட்கவில்லை. "பழைய காலணியைக் கொண்டு வந்திருக்கிறீர்களா, ஐயா?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. நல்ல வேளையாக அதையே அணிந்து சென்றிருந்தேன்.

அதைக் கையில் வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். அடிப்பாகத்தில் எங்குத் தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவினார். குதிகாலின் வெளி விளிம்பில் சற்றுத் தேய்மானம் இருந்தது. "இது பெரும்பாலோர்க்கு இருப்பதுதான், கவலையில்லை" என்றார். பிறகு உள்ளே கையை விட்டு, மெல்லிய உள்விரிப்பை உருவி எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். அதில் என் ஐந்து விரல்களின் தடமும் பதிந்திருந்தது. பெருவிரலின் தடமோ விரிப்பின் விளிம்பைத் தாண்டிப் பாதி வெளியே நின்றது. எனக்கு அதற்குமேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

அதன்பின் கேள்விகள் தொடர்ந்தன. சாலையிலா, மண் தரையிலா, எங்கே ஓடுகிறீர்கள்? வாரத்தில் எத்தனை நாள்? ஒரு நாளைக்கு எவ்வளவு தொலைவு? முன்பு கணுக்காலோ முழங்காலோ அடிபட்டதுண்டா? கால் மரத்துப்போகிறதா? எப்படிப்பட்ட காலுறை அணிகிறீர்கள்? இவ்வளவுக்கும் விடை பெற்ற பிறகே அளவு எடுக்க வந்தார்.

உட்கார்ந்து காலை நீட்டிய என்னை, "எழுந்து நில்லுங்கள், ஐயா. உடலின் பாரம் முழுதும் காலில் இறங்க வேண்டும்" என்றார். உட்கார்ந்திருக்கும் பாதம் வேறு, நிற்கும் பாதம் வேறு என்பதை அன்றுதான் அறிந்தேன். பாரம் இறங்கும்போது உள்வளைவு சற்றுத் தாழ்ந்து, பாதம் நீண்டும் அகன்றும் போகிறது. ஓடும்போதோ ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை விசை பாதத்தைத் தாக்குகிறது. ஐந்து கிலோமீட்டர் மெல்ல ஓடுகிறவர் ஒவ்வொரு காலையும் ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு முறை தரையில் வைக்கிறார். ஒரு பாதத்தில் இருபத்தாறு எலும்புகள் இருக்கின்றன. இவ்வளவையும் உட்கார்ந்தபடி அளந்தால் எப்படி?

அளவு எடுத்து முடிந்தது. வலக்கால் ஒன்பது; இடக்கால் எட்டரை. "எட்டு" என்று முப்பத்தைந்து ஆண்டுகள் நான் சொல்லி வந்தது என்னவாயிற்று என்று வினவினேன். "கல்லூரி நாளில் எட்டாகத்தான் இருந்திருக்கும். வயது ஏற ஏறப் பாதத்தைக் கட்டி நிறுத்தும் நார்கள் தளர்கின்றன, எடையும் கூடுகிறது, பாதம் நீளுகிறது. கண்ணுக்குக் கண்ணாடி மாற்றுகிறோம், காலுக்கு எண்ணை மாற்றுவதில்லை" என்று சிரித்தார். இரு கால்களும் ஒரே அளவில் இருப்பது எவருக்கும் அரிதென்றும், பெரிய காலுக்கே காலணி எடுக்க வேண்டுமென்றும் கூறினார். சுவை என்னவென்றால், பலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரலே நீளமாக இருக்கும். அவர்கள் பெருவிரலைத் தொட்டுப் பார்த்து இடம் இருக்கிறதென்று ஏமாந்து போவதுண்டாம்.

எட்டும் ஒன்பதும்

இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன என்று அறிந்துகொள்ள ஆவல் கொண்டு பின்னர்ச் சில நூல்களைப் புரட்டினேன். நம் நாட்டில் பெரிதும் வழங்குவது ஆங்கிலேயர் விட்டுச் சென்ற அளவு. அதன் அடிப்படை, வாற்கோதுமை மணி! மூன்று மணிகளை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம். ஒரு மணி ஓர் எண். ஆகவே எண்ணுக்கு எண் வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அரை எண்ணுக்கு நான்கு மில்லிமீட்டர் சொச்சம். ஐரோப்பியக் கண்டத்தாரின் எண்ணோ ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு வீதம் ஏறும். அமெரிக்கரோ வாற்கோதுமையை வைத்துக்கொண்டு தொடக்கத்தை மாற்றிவிட்டனர். ஆதலால் நமது எட்டு அவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்பதாகிறது. வெளிநாட்டிலிருக்கும் மகனோ மகளோ அன்பாக வாங்கி அனுப்பும் காலணி பல வீடுகளில் பெட்டியைவிட்டு வெளியே வராமலிருக்கும் மர்மம் இதுவே.

அந்த இளைஞர் என் காலை வைத்து அளந்த உலோகத் தட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரில், தந்தை பங்குதாரராயிருந்த காலணிக் கடையில் வேலை செய்த சார்லஸ் பிரானக் என்பவர், வழக்கத்திலிருந்த மரக்கோலில் மனநிறைவடையாமல், 1920-களில் சிறுவர் விளையாட்டுச் சாமானாகிய இரும்புத் துண்டுகளைக் கோத்து ஒரு மாதிரியை அமைத்தார். இன்றும் அவர் பெயராலேயே வழங்கும் அக்கருவி மூன்றை அளக்கிறது: குதிகாலிலிருந்து விரல் நுனி வரை உள்ள நீளம்; பாதத்தின் அகலம்; குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரை உள்ள தொலைவு. மூன்றாவதைத்தான் நாம் ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பாதம் மடிவது அந்த மூட்டில். காலணி வேறோர் இடத்தில் மடியுமானால், ஒவ்வோர் அடியிலும் காலும் காலணியும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். ஒரே நீளமுள்ள இருவர் பாதங்களில் இம்மூட்டு முன்பின்னாக இருக்கக்கூடும். விரல் குட்டையானவருக்கு ஒன்று, விரல் நீண்டவருக்கு மற்றொன்று என்று எடுத்துக் கொடுக்கத் தெரிந்தவரே கடைக்காரர்.

அகலத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. செருப்பணிந்தும் வெறுங்காலோடும் வளர்ந்த நம்மவர் பலருக்குப் பாதத்தின் முன்பகுதி அகன்றிருக்கும். பிறநாட்டாரின் கால் அச்சில் வார்த்த காலணி நீளத்தில் பொருந்தினாலும் அகலத்தில் நெரிக்கும். அகலம் போதாதபோது நாம் செய்வது யாது? இன்னும் ஓர் எண் பெரிதாக வாங்குகிறோம். அப்போது குதிகால் வழுக்குகிறது. கொப்புளம் அங்கே தோன்றுகிறது. அகல வகை தனியே உண்டா என்று கேட்பதே முறை. சில நிறுவனங்கள் அவ்வாறு செய்து விற்கின்றன.

ரோமையில் வெறுங்கால்

பொருந்தாத காலணியைவிட வெறுங்கால் நன்று என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1960 செப்டம்பர் 10 அன்று ரோமை நகரில் ஒலிம்பிக் மாரத்தான் நடந்தது. 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் கொண்ட அத்தொலைவை எத்தியோப்பிய நாட்டு அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் முதலாவதாக வந்தார். வறுமையால் காலணியின்றி ஓடினார் என்று நம்மில் பலர் பள்ளியில் கதை சொல்லியிருக்கிறோம். உண்மையில், அவர் ஏற்கெனவே வெறுங்காலோடு பயிற்சி செய்து பழகியவர். பழைய காலணி தேய்ந்துபோக, புதிதாகக் கிடைத்தது காலுக்கு ஒத்துவராமல் கொப்புளம் உண்டாக்கியதால் அதை விலக்கினார் என்றே கூறப்படுகிறது. மறு ஆண்டு ஜப்பானில் ஓடச் சென்ற அவரைக் கோபே நகரத்துக் காலணி உற்பத்தியாளரான ஒனிட்சுகா சந்தித்து, அந்நாட்டுச் சாலைகளின் கரடுமுரட்டை எடுத்துச் சொல்லித் தம் காலணியை அணிய இசைவித்தார். 1964-ல் டோக்கியோவில், குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், காலணியும் காலுறையும் அணிந்து ஓடிய பிகிலா, ரோமையில் எடுத்ததைவிட மூன்று நிமிடம் குறைந்த நேரத்தில் வென்றார். பொருந்தியபோது அணிந்தார், பொருந்தாதபோது கழற்றினார். வீரர் என்றால் அவர் வீரர். என்னைப் போல நகம் விழும்வரை காத்திருக்கவில்லை.

அதே ஒனிட்சுகாவின் காலணிகளை அமெரிக்காவில் விற்க 1964-ல் பில் நைட், பில் பவர்மன் என்னும் இருவர் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். பிற்காலத்தில் நைக்கி என்று உலகெங்கும் பெயர் பெற்றது அதுவே. அதன் முதல் முழுநேர ஊழியர் ஜெஃப் ஜான்சன். 1966-ல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் அவர் ஒரு கடையை அமைத்தார். அக்கடையைப் பற்றி நைட் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருப்பதை வாசித்தபோது, கடைக்காரர் என்னும் சொல்லுக்கே புதுப் பொருள் கிடைத்தது போலிருந்தது. வாங்க வந்த ஒவ்வொருவருக்கும் ஜான்சன் ஓர் அட்டை வைத்திருந்தார். அதில் அவருடைய பாத அளவு, ஓடும் தொலைவு, விருப்பு வெறுப்பு ஆகியவை குறிக்கப்பட்டிருந்தன. பெருவிழாவுக்கு வாழ்த்து அனுப்பினார்; பந்தயத்தில் நன்றாக ஓடினால் பாராட்டி எழுதினார். பதிலுக்கு அவர்களும் தம் கால்நோவையும் முழங்கால் வலியையும் அவருக்கு எழுதினர்.

ஒருவர், பாஸ்டன் மாரத்தானில் ஓட விரும்புவதாகவும், காலணியின் அடிப்பாகம் அவ்வளவு தூரத்திற்குப் போதிய மென்மையுடையதன்று என்றும் குறைகூறினார். ஜான்சன் அவ்வூரில் இருந்த ஒரு செருப்புத் தைப்பவரிடம் சென்று, குளிக்கும்போது அணியும் ரப்பர்ச் செருப்பின் அடிப்பாகத்தை எடுத்து அக்காலணியினுள் ஒட்டச் செய்தார். அணிந்தவர் பாஸ்டனில் தம் வாழ்நாளிலேயே மிகக் குறைந்த நேரத்தில் ஓடி முடித்தார். பொறியியல் வல்லுநர் குழு ஒன்றுமில்லை. வாங்குபவர் சொன்னதைச் செவிகொடுத்துக் கேட்ட ஒருவரும், ஊசியும் பசையும் கொண்ட ஒரு தொழிலாளியுமே இருந்தனர். 1976-ல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் இரு பெண்கள் தொடங்கிய கடையும், 1984-ல் கனடாவின் எட்மண்டனில் ஒருவர் தொடங்கிய கடையும், ஓட்டக்காரருக்கு ஓட்டக்காரரே விற்பது என்னும் இவ்வழியில் வளர்ந்து பல கிளைகளாகப் பெருகியவை.

கருவியும் கண்ணும்

கடையில் கருவி பெரிதாக இருந்தால் அறிவும் பெரிதாக இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். இதற்கு ஓர் எச்சரிக்கையாக நிற்கிறது ஒரு பழங்கதை. 1920-களிலிருந்து அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் காலணிக் கடைகளில் எக்ஸ்ரே பெட்டி ஒன்று வைத்திருந்தனர். குழந்தை புதுக் காலணியுடன் அதன்மீது ஏறி நின்றால், தாயும் கடைக்காரரும் மேலிருந்து குனிந்து, காலணிக்குள் எலும்புகள் எங்கு நிற்கின்றன என்று பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை, கடைக்காரர்களுக்கு விளம்பரம். கதிரோ பாதத்தோடு நிற்கவில்லை. குழந்தைகளின் உடலிலும், நாள் முழுதும் அருகே நின்ற ஊழியரின் உடலிலும் பாய்ந்தது. 1957-ல் பென்சில்வேனியா மாநிலம் அதைத் தடை செய்தது. பிற மாநிலங்களும் பின்பற்றின. பெருவிரலுக்கு முன்னே கட்டைவிரலை அழுத்திப் பார்த்தாலே தெரியக்கூடிய ஒன்றை அறிய இத்தனை ஆபத்து!

இன்று எக்ஸ்ரே இல்லை. ஆனால் ஓடுபட்டையில் ஓடவைத்துப் பின்புறமிருந்து படம் பிடித்து, "உங்கள் பாதம் உட்புறமாகச் சாய்கிறது; சாய்வைத் தடுக்கும் விலையுயர்ந்த காலணி வேண்டும்" என்று சொல்லும் கடைகள் உள்ளன. ஈரக் காலைத் தரையில் பதித்து, வளைவு உயர்ந்ததா தாழ்ந்ததா என்று பார்த்து மூவகையில் ஒன்றைக் கொடுப்பதும் நெடுநாள் வழக்கம். கேட்பதற்கு அறிவியலாகவே இருக்கிறது. ஆயின் அமெரிக்கத் தரைப்படை, வான்படை, கடற்படைவீரர் பயிற்சி முகாம்களில் இதைச் சோதித்துப் பார்த்தனர். ஒரு பிரிவினருக்குப் பாத வளைவுக்கு ஏற்ற வகையும், மறு பிரிவினருக்கு வளைவு பாராமல் ஒரே வகையும் வழங்கப்பட்டன. 2009, 2010 ஆண்டுகளில் வெளிவந்த முடிவுகளின்படி, காயமடைந்தோர் தொகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஒன்றுமில்லை. டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 900-க்கும் மேற்பட்டோருக்குச் சாதாரணக் காலணியையே கொடுத்து ஓராண்டு கவனித்தனர். பாதம் உட்சாய்ந்தவர்கள் மற்றவரைவிட மிகுதியாகக் காயமடையவில்லை என்று 2014-ல் எழுதினர். காலணி வகைகளையும் காயங்களையும் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வெளியான காக்ரேன் மதிப்பீடும், இன்ன வகை காயத்தைத் தடுக்கும் என்று உறுதிகூறத் தக்க சான்று இல்லை என்றே கண்டது.

அப்படியாயின் எதைக் கொண்டு தெரிந்தெடுப்பது? கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு இதனை ஆராய்ந்த பென்னோ நிக் என்பவரும் அவர் தோழரும் 2015-ல் ஓர் எளிய விடையை முன்வைத்தனர். அணிந்து ஓடிப் பார்க்கும்போது எது இதமாக இருக்கிறதோ அதுவே அக்காலுக்கு உரியது. ஒவ்வோர் உடலுக்கும் இயல்பான ஓர் இயங்குநெறி உண்டு, அதற்கு இடையூறு செய்யாததைக் கால் தானே கண்டுகொள்கிறது என்பது அவர்கள் கருத்து. இதுவும் முடிந்த முடிவன்று. எனினும் இதைக் கேட்டபின் எனக்கு அந்த இளைஞரின் செயல் விளங்கிற்று. அவர் கடையிலும் ஓடுபட்டை இருந்தது. என்னை அதில் ஏற்றவில்லை. வெவ்வேறு நிறுவனத்தாரின் மூன்று இணைகளைக் கொண்டுவந்து வைத்து, "ஒவ்வொன்றையும் கட்டிக்கொண்டு வெளியே ஓடிவிட்டு வாருங்கள்" என்றார்.

வெள்ளைத் தலையுடன் ஒருவர் நடைபாதையில் நிலக்கடலை வண்டி வரை ஓடிப் போய்த் திரும்புவதை மும்முறை கண்ட வழிப்போக்கர்கள் என்ன நினைத்தனரோ அறியேன். முதலாவது மெத்தைபோல் அமுங்கியது. ஓடும்போதோ கணுக்கால் தள்ளாடியது. இரண்டாவது பெருவிரலுக்கு இடம் தந்து சுண்டுவிரலை நெருக்கியது. மூன்றாவதை அணிந்து ஓடித் திரும்பியபோது, "எப்படி இருந்தது?" என்று கேட்டார். காலில் ஏதோ இருந்தது என்னும் நினைவே வரவில்லை என்றேன். "அதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அம்மூன்றில் விலை குறைந்தது அதுவே. கண்ணாடிப் பேழையில் இருந்த, அடிப்பாகத்தில் கரிநார்த் தகடு வைத்த ஒன்றைக் காட்டி அது எப்படி என்று கேட்டேன். "அது பந்தயத்துக்கு. வேகமாக ஓடுவோர்க்குப் பயன் தரும், விரைவில் தேயும். உங்களுக்கு வேண்டாம், ஐயா" என்று முடித்துவிட்டார். ஒன்பதரை எண், மிக நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம். ஓடும்போது பாதம் வீங்கும். இறக்கத்தில் முன்னோக்கி நழுவும். அந்த இடம் அதற்காகவே.

வலி அறியாத பாதம்

இங்கே ஒரு பெரிய விலக்கைச் சொல்லாமல் விடலாகாது. இதமாக இருக்கிறதா என்று காலைக் கேட்கலாம். கால் விடை சொல்ல வேண்டுமே! நெடுநாள் சர்க்கரை நோயால் நரம்பு கெட்ட பாதம் விடை சொல்லாது. இவ்வுண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டிய பணியில் நம் தமிழகத்துக்குப் பெரும் பங்குண்டு. 1914-ல் கொல்லிமலையில் பிறந்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்த பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதங்களில் ஆறாத புண் தோன்றுவது ஏன் என்று ஆராய்ந்தார். நோயால் தசை தானே அழுகுகிறது என்பது அக்கால நம்பிக்கை. அவ்வாறன்று, உணர்ச்சியற்ற பாதம், ஆணி குத்தினாலும் செருப்பு உரசினாலும் அறியாமல் மீண்டும் மீண்டும் அதே இடத்தில் மிதிபடுவதே புண்ணுக்குக் காரணம் என்று அவர் நிறுவினார். ஆகவே மருந்தோடு செருப்பும் சிகிச்சையாயிற்று. வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் அவரும் உடனுழைத்தோரும் நுண்துளை ரப்பரைக் கொண்டு மென்மையான செருப்புகளைச் செய்தனர். 1966-ல் அமெரிக்கா சென்ற அவர், அதே அறிவை அங்குள்ள சர்க்கரை நோயாளரின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். 2003-ல் காலமானார்.

உணர்ச்சி குறைந்தவர் கடைக்குச் சென்றால் பெரும்பாலும் இறுக்கமான காலணியையே தெரிந்தெடுப்பார் என்று பாத மருத்துவர்கள் சொல்வர். தளர்வானதை அவர் கால் உணர்வதில்லை. இறுகப் பிடிப்பது ஒன்றே "பொருந்துகிறது" என்று தோன்றுகிறது. இத்தகையோர்க்கு இன்னொருவர் கண்ணும் கையும் இன்றியமையாதவை. மருத்துவர் நைலான் இழை ஒன்றால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று சில நிமிடங்களில் சோதித்துவிடுவார். அதைச் செய்துகொண்ட பிறகு கடைக்குச் செல்வது நலம். உணர்வு குறைந்திருந்தால் ஓட்டத்தைப் பற்றியும் காலணியைப் பற்றியும் மருத்துவர் சொல்வதே முடிவு. கடைக்காரர் எவ்வளவு நல்லவராயினும் அவர் மருத்துவர் அல்லர். எனக்கு உணர்வு குறையவில்லை. அதனால்தான் நகம் வலித்தது. அந்த வலியை அன்று எவ்வளவு சபித்தேன்!

பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று. "வளரும் கால்தானே, இரண்டு எண் பெரிதாக வாங்கிவிடு" என்பது நம் வீடுகளில் வழக்கம். பெரிய காலணியில் பிள்ளை விரல்களை மடக்கிப் பற்றிக்கொண்டே ஓடும். மறுபுறம், அண்ணனுடைய பழைய காலணி தம்பியின் காலை அண்ணன் நடந்த வழியிலேயே சாய்க்கும். காசு இல்லாதபோது என்ன செய்வது என்று தாய்மார் கேட்பர், நியாயமே. இந்தியாவில் 2,300 சிறுவர்களை ஆராய்ந்து 1992-ல் வெளியிட்ட ஓர் அறிக்கையில், காலணி அணிந்தவர்களுள் நூற்றுக்கு 8.6 பேருக்கும், வெறுங்காலோடு திரிந்தவர்களுள் நூற்றுக்கு 2.8 பேருக்கும் தட்டைப் பாதம் இருந்ததாகக் கண்டனர். சிறு பிள்ளை வீட்டு முற்றத்திலும் புல்தரையிலும் வெறுங்காலோடு ஓடியாடுவதால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. கண்ணாடியும் ஆணியும் இல்லாத இடமாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

கடைக்குச் செல்வோர் மாலையில் செல்லட்டும். நாள் முழுதும் நின்றும் நடந்தும் பாதம் சற்று வீங்கியிருக்கும் வேளை அது. நான் முற்பகலில் சென்றதை அந்த இளைஞர் குறையாகவே சொன்னார். ஓடும்போது அணியும் காலுறையை உடன் கொண்டு செல்ல வேண்டும். குதிகால் வழுக்கினால் உடனே வேறு எண்ணுக்குத் தாவாமல், மேல்துளையில் நாடாவைக் கண்ணிபோல் வளைத்துக் கட்டிப் பார்க்கச் சொல்லலாம். தெரிந்த கடைக்காரர் அதைக் கட்டிக் காட்டுவார். குதிகாலின் உயரம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலவற்றில் முன்பாகத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் உயர்ந்தும், சிலவற்றில் சமமாகவும் இருக்கும். உயர்ந்ததில் பழகியவர் திடீரென்று தட்டையானதற்கு மாறினால் கெண்டைக்கால் தசை ஒரு வாரத்திற்கு நம்மை வசைபாடும்.

எட்டு மாதம் கழித்து, அடிப்பாகம் தேய்ந்ததாக எனக்குத் தோன்றவே, மீண்டும் அக்கடைக்குச் சென்றேன். ஐந்நூறிலிருந்து எண்ணூறு கிலோமீட்டர் ஓடியபின் இடைநுரை தளர்ந்துவிடும், அப்போது மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். இளைஞர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகத்தைவிடக் காலையே முதலில் பார்த்தார் என்று நினைக்கிறேன். காலணியை வாங்கிக் கவிழ்த்து, இரு விரலால் பக்கவாட்டு நுரையை அழுத்தி, மேசைமேல் வைத்துப் பின்புறமிருந்து குனிந்து, சாய்ந்து நிற்கிறதா என்று பார்த்தார். "எவ்வளவு ஓடியிருப்பீர்கள்?" என்று கேட்டார். நாட்குறிப்பைப் பார்த்து, நானூற்றுச் சொச்சம் என்றேன்.

"இன்னும் இருநூறு தாராளமாக ஓடலாம், ஐயா. மழைக்காலம் போகட்டும், பிறகு வாருங்கள்" என்று சொல்லி, காலணியை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நாடா மட்டும் இழை பிரிந்திருந்தது. அதை மாற்றிக்கொண்டு வந்தேன்.